இருந்த இடத்திலேயே இருக்கும் பணம்

உத்திரமேரூர்
9.6.2024

அன்புத் தம்பி அப்துல் கனிக்கு அக்கா அமீனா பீவி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், மகன் ஜாசிம், மகள் முஸ்கான் மூவரும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். அங்கே நீயும் ஃபர்ஹானாவும் நலமா? உன் வயிற்று எரிச்சல் எப்படி இருக்கிறது? டீயைக் குறைத்தாயா இல்லையா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. ஜாசிம் சிரித்து முடித்துவிட்டான். என் காது உனக்குத் தெரியும். போனை ஸ்பீக்கரில் போட்டால்தான் எனக்குக் கேட்கும். ஸ்பீக்கரில் போட்டால் கூடம், சமையலறை, முன்பக்கத்து மளிகைக்கடை வரை எல்லோருக்கும் கேட்கும். போனில் வரும் செய்தியையும் முஸ்கான்தான் படித்துச் சொல்கிறாள். நாம் பேச வேண்டியது வீட்டில் யாருக்கும் தெரியக்கூடாது. அதனால் கடிதமே எழுது.

நீ சொன்னபடி பாங்க்கில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஏழு இடத்தில் போட்டேன். ஆறு லட்ச ரூபாய் டெபாசிட் ரசீதின் மேல் சிவப்பாக ஒரு முத்திரை குத்தி, அதை பாங்க்கிலேயே வைத்துக்கொண்டார்கள். முதலில் நீ வீட்டுப் பத்திரம் கேட்டபோது மாட்டேன் என்றேனே, அதை மனதில் வைத்துக்கொள்ளாதே. உன் மச்சான் மவுத்தாகும் முன் என் பேருக்கு எழுதிவைத்த வீடு. அதை அடமானம் வைத்துவிட்டு எனக்குத் தூக்கம் வராது. டெபாசிட் அப்படியில்லை என்று நீதானே சொன்னாய்? "மூன்றாம் நபர் டெபாசிட்னு ஒரு முறை இருக்குக்கா. கடன் என் பேர்ல, டெபாசிட் உன் பேர்ல. பணம் இருந்த இடத்திலேயே இருக்கும், ஒரு பைசா அசையாது" என்றாய். அந்த வார்த்தைக்காகத்தான் போட்டேன். அந்தப் பணம் அசையக்கூடாது, கனி.

ஸ்கூல் பை தைக்கிற மெஷின் எல்லாம் வந்து இறங்கிவிட்டதா? பக்ரீதுக்கு வருவாயா?

துஆவுடன்,
அக்கா

* * *

ஈரோடு
21.6.2024

அன்புள்ள அக்காவுக்கு வ அலைக்கும் ஸலாம். நானும் ஃபர்ஹானாவும் நலம். உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாயா?

ஐந்து லட்சம் கைக்கு வந்துவிட்டது. ஆறு மெஷின் இறங்கியாயிற்று. ஒரு மொத்த வியாபாரி ஆயிரத்து இருநூறு பைக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார். பள்ளிக்கூடம் திறந்த நேரம், ராத்திரி பகலாகத் தைக்கிறோம். அதனால் பெருநாளுக்கு வர முடியவில்லை, மன்னித்துவிடு.

டெபாசிட்டைப் பற்றி நீ நினைத்துப் பார்க்கவே வேண்டாம். பீரோவில் இருக்கும் பட்டுப்புடவை மாதிரி அது பாட்டுக்கு இருக்கும்.

உன் தம்பி,
கனி

* * *

உத்திரமேரூர்
14.9.2024

அன்புத் தம்பிக்கு ஸலாம். நாங்கள் நலம் என்றுதான் எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

ஜூலையில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று, உனக்கு இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. போன வாரம் ஒரு மதியம் பாங்க்கிலிருந்து எனக்கு ஒரு தபால் வந்தது. ஜாசிம் கடையில் இருந்தான். முஸ்கான் காலேஜுக்குப் போயிருந்தாள். தபால்காரர் நேராக என் கையில் கொடுத்தது என் அதிர்ஷ்டம். இரண்டு மாதத் தவணை கட்டப்படவில்லை, உங்கள் கவனத்துக்கு என்று போட்டிருக்கிறது. நான் வாங்காத கடனுக்கு என் பேர் போட்டு, தந்தையார் பேர் போட்டு ஒரு தபால்! அதை அரிசி டிரம்முக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஜாசிம் அரிசி எடுக்கப் போனால் நான் முந்திக்கொண்டு போகிறேன். "இன்னாம்மா, திடீர்னு இவ்ளோ சுறுசுறுப்பு?" என்று கேலி செய்கிறான்.

அடுத்த தபால் யார் கையில் விழுமோ? சைக்கிள் மணி எனக்குக் கேட்காது. அதனால் பத்து மணியிலிருந்து வாசலிலேயே நிற்கிறேன்.

என்ன நடந்தது, கனி? உடம்பு சரியில்லையா? உடனே எழுது.

அக்கா

* * *

ஈரோடு
2.10.2024

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம். சுகம். நீ சுகமா?

பயப்படாதே. வியாபாரி பணம் கொஞ்சம் தாமதம். தவணை இந்த மாதம் சேர்த்துக் கட்டிவிடுவேன். பாங்க்கில் அப்படித்தான் எல்லோருக்கும் தபால் போடுவார்கள், அது கம்ப்யூட்டர் போடுவது. ஃபர்ஹானா அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். நீ மாத்திரை வேளாவேளைக்குச் சாப்பிடு.

கனி

* * *

உத்திரமேரூர்
20.10.2024

அன்புத் தம்பிக்கு ஸலாம். உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? என் சர்க்கரை முந்நூறைத் தொட்டுவிட்டது. டாக்டர் என்ன கவலை என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று பொய் சொன்னேன்.

நான்கு மாதமாக உனக்குச் சொல்லாத ஒன்றை இன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த ஆறு லட்சம் என் பணம் இல்லை.

காவாந்தண்டலத்து ஆதிலட்சுமியை உனக்கு ஞாபகம் இருக்கும். முப்பது வருடமாக நம் கடையில் மளிகை வாங்குகிறவள். தாண்டவராயன் சம்சாரம். அவர் போன பிறகு, சாலை விரிவாக்கத்துக்கு அவர்கள் நிலத்தில் ஒரு துண்டு போயிற்று. நஷ்டஈடு ஆறு லட்சம். அவள் பையன் ஜெகன் போனில் ரம்மி ஆடி இரண்டு மாடு விற்றவன். அவள் ஏ.டி.எம். கார்டும் அவனிடம்தான். பணம் வந்த அன்றே பாங்க்கிலிருந்து மொத்தமாக எடுத்து, மஞ்சள் பையில் போட்டு, மேலே கீரைக்கட்டு வைத்து என்னிடம் கொண்டுவந்தாள். "அக்கா, இத்த நீதான் வெச்சிக்கினு இருக்கணும். என் பேர்ல கீதுன்னா அவன் மோந்து புடிச்சிடுவான். உன் வூட்ல கீதுன்னா எமன் கூட வரமாட்டான்" என்றாள். யாரிடமும் சொல்லாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜாசிமுக்கும் தெரியாது. அதைத்தான் என் பேரில் டெபாசிட் போட்டேன்.

அமானிதம், கனி. ஒருவர் நம்பிக் கொடுத்து வைத்த பொருள். அதைச் செலவழிக்கக் கூடாது, இடம் மாற்றக் கூடாது என்று அத்தா நமக்குச் சொல்லிக்கொடுத்தார். தெருக்காரர்கள் கொடுத்து வைத்த நகையை, முடிச்சைக்கூட அவிழ்க்காமல் திருப்பிக் கொடுத்த கடை நம்முடையது. நீ "அசையாது" என்றாய். அசையாதது எப்படிக் குற்றமாகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். முடிச்சை அவிழ்க்கவில்லை, முடிச்சோடு அடகு வைத்திருக்கிறேன் என்று இப்போதுதான் புரிகிறது.

நேற்று அவள் வந்தாள். மகள் பிரபாவுக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஊர் பெருநகர். "மார்கழில வந்து வாங்கிக்கினு போறேன். நகை எடுக்கணும், மண்டபத்துக்குக் கட்டணும். பணம் பத்திரமா கீதா அக்கா?" என்று கேட்டாள்.

கீது என்றேன். என் நாக்கு எப்படிப் புரண்டதோ தெரியவில்லை.

தவணை கட்டினாயா? ஒரே வரி எழுதினால் போதும்.

அக்கா

* * *

22.11.2024
உத்திரமேரூர்

கனிக்கு ஸலாம்.

ஒரு மாதம் ஆகிவிட்டது. ஒரு வரிகூட இல்லை. உன் போன் அணைத்தே கிடக்கிறது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு மடியிலும் ஒன்றுமில்லை, வழிக்கும் போகவில்லை, சமையலறையில் நின்றால்கூடப் பயமாக இருக்கிறது.

இரண்டாவது தபாலும் வந்துவிட்டது. டிசம்பர் பதினாறாம் தேதிக்குள் பாக்கித் தவணைகள் கட்டாவிட்டால் டெபாசிட்டைக் கடனில் வரவு வைத்துக்கொள்வோம் என்று எழுதியிருக்கிறார்கள். நேற்று முழங்காலுக்கு மருந்து வாங்கப்போவதாகச் சொல்லிவிட்டு பாங்க்குக்குப் போனேன். மேனேஜர் ஒரு பெண், ஜெயப்பிரியா என்று பேர். எனக்குக் காது கேட்கவில்லை என்று அவர் சத்தமாகப் பேச, வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பஜார் முகங்கள், கனி! "எழுதிக் காட்டுங்கம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். புரிந்துகொண்டார். ஒரு பணம் கட்டும் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். அதை அப்படியே உனக்கு எழுதுகிறேன்:

"வீடு வைத்தால்: கடன் நின்றுபோன பிறகு நோட்டீஸ், அறுபது நாள் அவகாசம், பிறகு வீட்டைக் கையகப்படுத்த அறிவிப்பு, பிறகு விலை மதிப்பு, பிறகு ஏலம். ஒரு வருடம்கூட ஆகும். நடுவில் எப்போது பணம் கட்டினாலும் நிறுத்தலாம்.

டெபாசிட் வைத்தால்: பணம் ஏற்கெனவே எங்களிடமே இருக்கிறது. விற்க வேண்டாம், ஏலம் வேண்டாம், கோர்ட் வேண்டாம். சொன்ன தேதிக்கு மறுநாள் காலை வரவு வைப்போம். அரைமணி நேரம்."

படித்துவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பூட்டிய வீட்டுக்குத் திருடன் சாவி தேடுவான். நான் பணத்தைச் சாவிக்காரர் மடியிலேயே வைத்துவிட்டு, பத்திரமாக இருக்கிறது என்று நினைத்திருக்கிறேன். அவர்கள் மேல் தப்பில்லை. ஏழு கையெழுத்தும் என்னுடையதுதான்.

அந்த அம்மா தண்ணீர் கொடுத்தார். தம்பியைப் பார்த்துப் பேசுங்கள் என்று எழுதினார். எந்தத் தம்பியை? உன் போன கடிதத்தின் உறையில் தபால் முத்திரை திருப்பூர் என்று இருந்தது. நீ மேலே ஈரோடு என்று எழுதியிருந்தாய். நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். நீ எங்கே இருக்கிறாய்?

அக்கா

* * *

6.12.2024
உத்திரமேரூர்

கனிக்கு.

புயல் மழையில் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் கலங்கல் வழியாகப் போகிறது. ஊரே வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறது. நான் இதை எழுதுகிறேன்.

பதினாறாம் தேதிக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. இன்று காலை ஆதிலட்சுமி நனைந்துகொண்டே வந்து முதல் பத்திரிகையை என் கையில் கொடுத்தாள். "சாமிக்கு வெச்சிட்டு அடுத்தது உனக்குத்தான்" என்றாள். வாங்கிக்கொண்டேன். அவள் போன பிறகு குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்கு என் அழுகையின் சத்தம் தெரியாது, அதனால்.

உயிரோடு இருக்கிறாய் என்றாவது எழுது.

* * *

12.12.2024

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம். உயிரோடு இருக்கிறேன்.

ஆகஸ்டிலேயே பட்டறையை மூடிவிட்டேன். ஆயிரத்து இருநூறு பையையும் எடுத்துக்கொண்டு அந்த வியாபாரி காணாமல் போனான். துணி, ஜிப் கொடுத்தவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். மெஷின்களை அவர்களே எடுத்துக்கொண்டு போனார்கள். இன்னும் கொஞ்சம் பாக்கி. அதனால் இருக்கும் இடத்தை எழுதப் பயமாக இருக்கிறது. வேறு ஒருவர் பட்டறையில் கூலிக்குத் தைக்கிறேன். ஃபர்ஹானா அவள் அம்மா வீட்டில்தான் இன்னும் இருக்கிறாள், நான்தான் அனுப்பினேன். பழைய பட்டறைக்குப் பக்கத்து டீக்கடை மோகன்குமார் உன் கடிதங்களை வாங்கி வைக்கிறார். எப்போதாவது மறைவாகப் போய் வாங்கி வருவேன், அக்டோபருக்குப் பிறகு நேற்றுதான் போனேன். உன் மூன்று கடிதத்தையும் நேற்று ஒரே சமயத்தில் படித்தேன்.

அக்கா, நீ மறைத்ததைச் சொல்லிவிட்டாய். நானும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கும் டெபாசிட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஈரோட்டு மேனேஜர் எனக்குக் கடன் கொடுத்த அன்றே சொன்னார். எனக்குத் தெரியும். தெரிந்துதான் "அசையாது" என்றேன். நான் ஒழுங்காகக் கட்டினால் அசையாதுதானே என்று நினைத்தேன். ஆகஸ்டில் எல்லாம் போன பிறகு இன்னும் கேவலமாக நினைத்தேன். டெபாசிட்டை எடுத்துக்கொள்ளட்டும், பாங்க் கடன் ஒன்றாவது சத்தமில்லாமல் தீரும், அக்கா பணம்தானே, அக்கா பொறுத்துக்கொள்வாள் என்று. அதனால்தான் எழுதாமல் இருந்தேன்.

அது பிரபா கல்யாணப் பணம் என்று படித்த நினைப்பிலேயே தையல் மெஷினில் விரலைக் கொடுத்துவிட்டேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. என்னிடம் நாலாயிரம் ரூபாய் இருக்கிறது.

கனி

* * *

உத்திரமேரூர்
4.1.2025

கனிக்கு அஸ்ஸலாமு அலைக்கும். விரல் ஆறிவிட்டதா? மஞ்சள் வை. தண்ணீர் படவிடாதே.

உன் கடிதம் பதினான்காம் தேதி, சனிக்கிழமை அந்தி நேரத்தில் வந்தது. உன்னைத் திட்டினேன். உனக்குக் கேட்டிருந்தால் நல்லது. "அக்கா பொறுத்துக்கொள்வாள்" என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். பொறுத்துக்கொண்டிருப்பேன், கனி. என் பணமாக இருந்தால்.

பதினாறாம் தேதி திங்கட்கிழமை பாங்க் திறக்கும்போதே போய் நின்றேன். என் கையிலிருந்து இரண்டு வளையலைக் கழற்றி விற்று, பாக்கித் தவணைகளைக் கட்டினேன். பிறகு வீட்டுப் பத்திரத்தை மேனேஜர் மேஜையில் வைத்தேன். இதை வைத்துக்கொண்டு டெபாசிட்டை விடுங்கள் என்றேன்.

அந்த அம்மா திகைத்துப்போனார். மறுபடி சீட்டின் பின்பக்கம் எழுதினார். "யோசியுங்கள். டெபாசிட் போனால் உங்கள் பொறுப்பு அதோடு முடிந்தது. வீட்டின் மதிப்பு அதைவிடப் பெரியது. நஷ்டம் உங்களுக்குத்தான்." நான் பேனாவை வாங்கி அதற்குக் கீழே எழுதினேன். "டெபாசிட் என்னுடையது இல்லை. வீடு என்னுடையது."

அவர் பத்திரத்தைத் தன் பக்கம் எடுத்து வைத்துக்கொண்டார். மேலிடத்தில் கேட்டு, டெபாசிட்டுக்குப் பதிலாக வீட்டை வைக்க மூன்று வாரம் அவகாசம் வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் வீட்டை அளந்து மதிப்புப் போட ஆள் வருவார்கள். அதை அரிசி டிரம்முக்கு அடியில் மறைக்க முடியாது. அன்று மாலை ஜாசிமையும் முஸ்கானையும் கூடத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஜாசிம் எழுந்து கடைக்குப் போய்விட்டான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பெற்ற பிள்ளை முகம் கொடுக்காமல் சோறு தின்பதைப் பார்ப்பதைவிட ஜப்தி வண்டியே வந்திருக்கலாம் என்று தோன்றியது. மூன்றாம் நாள் காலையில் கடைச்சாவியை எடுக்கும்போது, என் காதருகில் குனிந்து, "மொதல்ல ஆதிலட்சுமி அக்கா பணத்தக் குடுத்துடும்மா. மாமாவ இன்னா பண்றதுன்னு அப்பறம் பேசிக்கலாம்" என்றான். அவ்வளவுதான். அவன் அத்தா பேசியது மாதிரி இருந்தது.

பத்திரம் பதிவாகி, முந்தாநாள் டெபாசிட்டை உடைத்துப் பணம் கொடுத்தார்கள். நேற்று ஆதிலட்சுமி வந்தாள். அதே மஞ்சள் பை. எண்ணிப் பார் என்றேன். "உன்கிட்ட வாங்கிக்கினு எண்ணுவாங்களா? இன்னா பேச்சு அக்கா இது" என்று கோபித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட வாயெடுத்தேன். கல்யாணம் முடியட்டும், மகள் கழுத்தில் தாலி ஏறுவதை அவள் நிம்மதியாகப் பார்க்கட்டும் என்று அடக்கிக்கொண்டேன். முடிந்ததும் காவாந்தண்டலம் போய்ச் சொல்வேன். அவள் என்ன சொல்வாளோ. அந்தப் பயம் மட்டும் இன்னும் பாக்கி இருக்கிறது.

இனி உன் விஷயம். மாதம் பதினோராயிரத்து இருநூறு. பத்தாம் தேதிக்குள். நான் இப்போது அடமான வீட்டில் குடியிருக்கிறேன். சுவரில் ஆணி அடிக்கக்கூட யோசனையாக இருக்கிறது. மழை பெய்தால் முன்பெல்லாம் ஒழுகுகிறதா என்று பார்ப்பேன், இப்போது என்னுடையதுதானா என்று பார்க்கிறேன். ஆனால் டெபாசிட் அரைமணி நேரத்தில் போயிருக்கும். வீடு மெதுவாகத்தான் போகும். அந்த மெதுவை உனக்குக் கொடுத்திருக்கிறேன். வீணாக்காதே.

இனி எனக்குக் கடிதம் எழுதாதே. போன் செய். ஸ்பீக்கரில் போடுகிறேன். எல்லோரும் கேட்கட்டும்.

அக்கா அமீனா பீவி

* * *

ரூம் நம்பர் 6, மாடி,
முத்துகிருஷ்ணன் காம்பவுண்டு,
பனியன் கம்பெனிப் பின் சந்து,
திருப்பூர்
18.1.2025

அன்புள்ள அக்காவுக்கு வ அலைக்கும் ஸலாம். எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும்.

மேலே இருப்பது என் உண்மையான விலாசம். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக இதை எழுதுகிறேன். பத்தாம் தேதித் தவணை கட்டிய ரசீது உள்ளே இருக்கிறது. முதலாளியிடம் முன்பணம் வாங்கினேன். ராத்திரி ஷிப்டும் சேர்த்துப் பார்க்கிறேன்.

புது நம்பரிலிருந்து உனக்கு மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் நீதான் எடுத்தாய். ஸ்பீக்கரில் மிக்சி ஓடியது, முஸ்கான் யாரையோ கூப்பிட்டாள், கடையில் எவரோ உளுந்து விலை கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. மூன்றாவது தடவை, "கனியா?" என்று கேட்டாய். நான் மூச்சு விட்டதுகூட உங்கள் கூடம் முழுக்கக் கேட்டிருக்கும். "பேசவும் மாட்டேங்கிறான், வைக்கவும் மாட்டேங்கிறான்" என்று நீ ஜாசிமிடம் சொன்னாய். அவன், "வைக்காம இருக்கச் சொல்லும்மா" என்றான். நான் வைத்துவிட்டேன்.

கடன்காரர்கள் வாசலில் நின்றபோதுகூட எனக்கு இப்படிப் பயம் வந்ததில்லை.

வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் போன் செய்கிறேன். ஜாசிமைக் கூடத்தில் இருக்கச் சொல். அன்றும் நான் பேசவில்லை என்றால், இந்தக் கடிதத்தை அவன் கையில் கொடுத்து, மேலே இருக்கும் விலாசத்துக்கு பஸ் ஏற்றிவிடு.

உன் தம்பி,
அப்துல் கனி